சரக்குக்கு முன்னால் ஓடும் தகவல்: வாளையார் வழியே ஒரு லோடு

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் லோடு ஏற்றிப் போன பழைய ஓட்டுநர் யாரிடமாவது தமிழக–கேரள எல்லையில் இருக்கும் வாளையார் 2017-க்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரிசையைத்தான் சொல்வார்கள். வணிக வரிச் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஓணம் நெருங்கினால் ராத்திரி முழுக்க நிற்கும். வண்டி பழுதாகியிருக்காது, ரோடும் மூடியிருக்காது. வண்டிக்குள் என்ன இருக்கிறது, யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது, வரி கட்டியாயிற்றா என்று நான்கு கேள்விகள். அவற்றுக்கான பதில் ஓட்டுநரின் சட்டைப்பையில் காகிதமாக இருந்தது. சரக்கு வந்து நின்ற பிறகுதான் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படிக்க முடியும்.

லாஜிஸ்டிக்ஸ் துறைக்குள் புதிதாக வருகிற பிள்ளைகள் சென்சார், செயற்கை நுண்ணறிவு, தானியங்கி குடோன், பிளாக்செயின் என்று ஒரே மூச்சில் கேட்கிற பெயர்களால் மிரண்டுபோகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு புக்கிங் ஆபீஸிலோ மண்டியிலோ வேலைக்குச் சேர்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தத் தொழில்நுட்பங்களில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான்: சரக்கு போய்ச் சேரும் முன்பே, அதைப் பற்றிய தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கிவிடும்.

ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். கோவையில் செய்த மோட்டார் பம்புகள் கொச்சியில் ஒரு மொத்த வியாபாரிக்குப் போகின்றன. இந்தப் பம்புக்கான வார்ப்பு ஒரு ஃபவுண்டரியிலிருந்தும், செம்புக் கம்பி வேறொரு இடத்திலிருந்தும், அட்டைப்பெட்டி இன்னோர் இடத்திலிருந்தும் வந்தவை. கொச்சியிலிருந்து அது சில்லறைக் கடைக்குப் போய், கடைசியில் ஏதோ ஒரு கிணற்றடியில் பூட்டப்படும். மூலப்பொருளில் தொடங்கிக் கிணற்றடி வரை நீளும் இந்தத் தொடர் முழுவதும் சப்ளை செயின். அதற்குள் பொருளை ஏற்றி, நகர்த்தி, இறக்கி, வைத்துக் காக்கும் வேலைகள் லாஜிஸ்டிக்ஸ்.

இ-வே பில்லும் ஃபாஸ்டேக்கும்

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அவை கேட்டுக்கொண்டிருந்த நான்கு கேள்விகளையும் ஒரு இணையதளத்துக்கு மாற்றினார்கள். அதுதான் இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், வண்டி கிளம்பும் முன்பே விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் அனுப்புபவர், பெறுபவர், இன்வாய்ஸ் எண், மதிப்பு, பொருள் எந்த வகை என்று சொல்லும் எச்எஸ்என் குறியீடு ஆகியவை வரும். இரண்டாம் பகுதியில் வண்டி எண். இரண்டும் சேர்ந்ததும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இப்படிப் பிரித்து வைத்ததை நான் நல்ல யோசனை என்றே சொல்வேன். பொருள் மாறாது, வண்டி மாறலாம். குதிரானுக்குப் பக்கத்தில் வண்டி பழுதாகி வேறு லாரிக்கு லோடை மாற்றினால், இரண்டாம் பகுதியில் புதிய வண்டி எண்ணைப் போட்டால் போதும். முதல் பகுதியைத் தொட வேண்டியதில்லை.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது கால வரம்பில். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. 2021-க்கு முன் இது 100 கிலோமீட்டராக இருந்தது. கோவை–கொச்சி 200 கிலோமீட்டருக்குள் அடங்குவதால் ஒரு நாள் கிடைக்கும். ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை மாலை 6 மணிக்குப் போட்ட பில், செவ்வாய்க்கிழமை நள்ளிரவு வரை செல்லும்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸும் கட்டாயம். இன்வாய்ஸ் அரசுத் தளத்தில் பதிவானதும் க்யூஆர் கோடு கிடைக்கும். அதே விவரத்திலிருந்து இ-வே பில்லின் முதல் பகுதி தானே நிரம்பிவிடும். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் இரண்டு பேர் கையால் அடிக்கும்போது வரும் பிழை இதனால் ஒழிகிறது. புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஒரு எழுத்து மாறிய வண்டி எண்ணுக்காக நடுராத்திரியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் ஓட்டுநர் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான்.

இனி வண்டி வாளையாரைக் கடக்கிறது. கொஞ்ச தூரத்தில் பாம்பாம்பள்ளம் டோல், வடக்கஞ்சேரி தாண்டினால் பன்னியங்கரை, திருச்சூருக்கு அப்பால் பாலியேக்கரை. முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. டோலுக்கு மேலே இருக்கும் ரீடர் வானொலி அலையை வீசும். அந்த அலையின் சக்தியையே எடுத்துக்கொண்டு ஸ்டிக்கருக்குள் இருக்கும் சின்ன சில்லு தன் எண்ணைத் திருப்பி அனுப்பும். கண்ணாடித் துண்டு தன் மேல் விழுந்த வெயிலையே திருப்பி அடிக்கிற மாதிரிதான். இதற்கு ஆர்எஃப்ஐடி என்று பெயர். ஜவுளிக்கடையில் விலைச்சீட்டுக்குள் இருப்பதும், பெரிய குடோன்களில் பெட்டி மேல் ஒட்டுவதும் இதே வகைதான். தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 2021 பிப்ரவரி நடுவில் எல்லா வழித்தடங்களும் ஃபாஸ்டேக் வழித்தடங்களாயின.

தனித்தனியாகப் பார்த்தால் இ-வே பில் வரிக்கு, ஃபாஸ்டேக் டோலுக்கு. 2021-ல் இரண்டையும் இணைத்தார்கள். இந்த வண்டி இந்த டோலை இந்த நேரத்தில் கடந்தது, அதன் பேரில் இந்த இ-வே பில் இருக்கிறது அல்லது இல்லை என்பதை அதிகாரி அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். சந்தேகப்பட்ட வண்டியை மட்டும் நிறுத்தினால் போதும், மற்றவர்கள் போய்க்கொண்டே இருக்கலாம். 2022 செப்டம்பர் 17 அன்று தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு வெளியான யூலிப் என்ற தளம் இதையே இன்னும் விரிக்கிறது. வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம், ரயில், துறைமுகம், சுங்கம் என்று பல அமைச்சகங்களின் தரவைத் தனியார் மென்பொருள்களும் அனுமதி பெற்று எடுத்துப் பயன்படுத்தலாம்.

வரிசை போனதோடு இன்னொன்றும் நடந்தது. முன்பு மாநிலம் தாண்டி விற்றால் மத்திய விற்பனை வரி உண்டு. சொந்தக் கிளைக்குச் சரக்கை அனுப்பினால் இல்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டிலும் அதே சரக்கு. ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. பல சின்ன குடோன்களை மூடி, ஒரு பெரிய குடோனாகச் சேர்த்தார்கள். பெரிய குடோன் வந்த பிறகுதான் பார்கோடு ஸ்கேனர், எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்று சொல்லும் மென்பொருள், சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி எல்லாம் கட்டுப்படியாயின. வரி விதியில் ஒரு மாற்றம் வந்ததால் இயந்திரத்துக்கு இடம் கிடைத்தது. தொழில்நுட்பம் தன் பலத்தால் மட்டும் ஓர் ஊருக்குள் நுழைவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

லாரி எங்கே?

ஜிபிஎஸ் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு: செயற்கைக்கோள் மேலிருந்து லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று. செயற்கைக்கோளுக்கு லாரி இருப்பதே தெரியாது. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் வானொலி அலையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டியில் உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலையைப் பிடித்து, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. பிறகு அந்த இடத்தை செல்போன் டவர் வழியாக ஆபீஸுக்கு அனுப்புகிறது. ஆகவே இரண்டு விதமாக அது மௌனமாகலாம். குதிரான் சுரங்கத்துக்குள் மேலிருந்து அலை வராது. காட்டை ஒட்டிய இடங்களில் வானம் தெரியும், டவர் கிடைக்காமல் போகலாம். அப்போது நல்ல கருவி இடங்களைச் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். திரையில் புள்ளி நகரவில்லை என்றதும் ஓட்டுநரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி இல்லாத வண்டிகளுக்கு ஓட்டுநரின் சிம் கார்டை வைத்து இடம் பார்க்கும் முறையும் இருக்கிறது. ஓட்டுநர் தன் போனில் சம்மதம் கொடுத்தால் டவர் விவரத்திலிருந்து தோராயமான இடம் தெரியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் போன் லாரியுடையது இல்லை, ஒரு மனிதருடையது. லோடு இறக்கிய பிறகும், வீட்டுக்குப் போன பிறகும் பின்தொடர்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. இன்னொரு ஆபத்து, மென்பொருள் சொல்லும் 'வந்து சேரும் நேரம்'. அதற்கு ஓட்டுநரின் தூக்கம் தெரியாது. இரவெல்லாம் ஓட்டியவர் கஞ்சிக்கோட்டுக்கு அப்பால் வண்டியை ஓரம் போட்டு இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் திரையில் சிவப்பு எழுத்து வரும். ஆபீஸிலிருந்து போன் போகும். அந்தத் தூக்கத்தையும் பயண நேரத்தில் சேர்த்துத் திட்டம் போடுகிற நிறுவனம்தான் இந்தக் கருவியைச் சரியாகப் பயன்படுத்துகிறது.

இதே தகவல் ஓட்டுநருக்கும் வண்டி உரிமையாளருக்கும் நேரடியாகப் பலன் தருவது ரிட்டர்ன் லோடில். கொச்சியில் பம்புகளை இறக்கிய வண்டி காலியாகத் திரும்பினால் டீசல், டோல், ஓட்டுநர் படி எல்லாம் கைக்காசு. முன்பு புரோக்கரின் போனுக்காக இரண்டு நாள் காத்துக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் வந்த வாடகைக்குச் சம்மதிக்க வேண்டும். இப்போது எந்த ஊரில் எந்த அளவு வண்டி எப்போது காலியாகும் என்பதை முன்கூட்டியே செயலியில் போட்டால், அந்தப் பக்கம் லோடு வைத்திருப்பவர் பார்க்கலாம். புரோக்கர் மறைந்துவிடவில்லை. வாடகை பாக்கி நின்றால் பேசித் தீர்க்க இன்றும் ஆள் வேண்டியிருக்கிறது.

தக்காளிக்கு யார் தகவல் எழுதுகிறார்கள்?

இதுவரை சொன்னது பம்பு மாதிரிக் கெடாத சரக்கு. நம் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குத் தினமும் போகிற கிணத்துக்கடவு தக்காளி, ஒட்டன்சத்திரம் காய்கறி, நேந்திரன் வாழைத்தார், பால், பூ ஆகியவற்றின் கதை வேறு. பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதனால் இ-வே பில்லும் தேவையில்லை. விவசாயிக்கு இது நன்மைதான். ஆனால் அதன் பின்விளைவாக, மிக அவசரமாகத் தகவல் தேவைப்படுகிற சரக்குதான் மிகக் குறைந்த தகவலோடு பயணம் செய்கிறது. எத்தனை பெட்டி தக்காளி இன்றிரவு மீனாட்சிபுரம் வழியாகப் போகிறது என்பது திருச்சூர் மார்க்கெட்டுக்கு விடிந்த பிறகுதான் தெரியும். மூன்று வண்டி வர வேண்டிய இடத்தில் எட்டு வண்டி வந்து நின்றால் விலை கொட்டிவிடும். அந்த அடி மண்டி வழியாகத் தோட்டக்காரர் தலையில் வந்து விழும்.

வெப்பநிலை இன்னொரு தகவல். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். பாலை 4 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குளிர்ப்பெட்டியில் ஏற்றி 'ஜில்' என்று வைத்தால் போதும் என்பது சரியல்ல. டேட்டா லாகர் என்ற சின்னக் கருவியைச் சரக்கோடு வைத்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வரும். இதன் பெரிய பயன், சூடு எங்கே ஏறியது என்று காட்டிக்கொடுப்பது. பெரும்பாலும் ஓடும்போது ஏறுவதில்லை. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் கதவைத் திறந்து போட்டுவிட்டு நிற்கும் நேரத்தில் ஏறுகிறது. பொருள் கெட்டுப் போனால் விவசாயி, ஓட்டுநர், வியாபாரி மூவரும் ஒருவரையொருவர் கை காட்டும் சண்டைக்கும் அந்தப் பதிவு பதில் சொல்லும்.

தகவல் எவ்வளவு முந்திப் போனாலும் சிலவற்றைக் கையால் சோதித்துத்தான் ஆக வேண்டும். மீனாட்சிபுரத்திலும் ஆரியங்காவிலும் கேரளப் பால்வளத் துறை வைத்திருக்கும் பரிசோதனைச் சாவடிகளில் டேங்கர் பாலை மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். அதைத் தாமதம் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. குழந்தைகள் குடிக்கிற பால் அது.

ஓணம் எந்த மாதம்?

செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் இந்தத் துறையில் இன்று அதிகம் விற்கப்படுவது தேவைக் கணிப்பு. போன வருடங்களின் விற்பனையைப் பார்த்து, வரும் வாரம் எந்தக் கடைக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்வது. இதன் பலத்தையும் பலவீனத்தையும் புரிந்துகொள்ள நமக்கு ஓணமே போதும்.

திருவோணம் 2023-ல் ஆகஸ்ட் 29 அன்று வந்தது. 2024-ல் செப்டம்பர் 15. 2025-ல் செப்டம்பர் 5. பூக்களம் போடுவது அத்தம் நாளில் தொடங்குகிறது. திருவோணத்தோடு சேர்த்துப் பத்து நாள். அந்தப் பத்து நாளுக்காகத்தான் தோவாளையிலிருந்தும் கோவையிலிருந்தும் செண்டுமல்லியும் வாடாமல்லியும் லாரி லாரியாகப் போகின்றன. ஆகஸ்டை ஆகஸ்டோடு மட்டும் ஒப்பிடுகிற மென்பொருள், 2023-ன் பூ விற்பனையைப் பார்த்துவிட்டு 2024 ஆகஸ்ட் கடைசியில் பூவைக் குவிக்கச் சொல்லியிருக்கும். அப்போது திருவோணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் பாக்கி. பூ அதுவரை தாங்குமா? மலையாள நாட்காட்டியைக் கணக்குக்குள் சேர்க்க வேண்டும் என்பதை மென்பொருள் எழுதியவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த யாரோ, நாற்பது வருடமாகப் பூ கட்டி அனுப்பும் ஒரு மண்டிக்காரர்தான். கணிப்பு நன்றாக அமைந்த இடங்களில் எல்லாம் இப்படி ஓர் அனுபவசாலியின் பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கணிப்பு இல்லாவிட்டால் வருவது இன்னும் மோசம். நேந்திரன் சிப்ஸ் கேட்டு நான்கு பேர் கூடுதலாக வந்ததும் கடைக்காரர் கொஞ்சம் சேர்த்து ஆர்டர் போடுவார். மொத்த வியாபாரி, தட்டுப்பாடு வரப்போகிறது என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். தார் வாங்குபவர் அதற்கும் மேல். கடையில் தொடங்கிய சின்ன அசைவு தோட்டத்துக்கு வரும்போது பெரிய ஆட்டமாகிவிடும். விவசாயி அதை நம்பிக் கன்று வைத்து, தார் முற்றும்போது வாங்க ஆள் இருக்காது. கடையின் உண்மையான விற்பனை எண்ணிக்கை நடுவில் உள்ளவர்களின் ஊகம் சேராமல் தோட்டம் வரை வந்தாலே இந்த ஆட்டம் பாதி அடங்கும்.

விழிஞ்ஞமும் பெட்டி எண்ணும்

தெற்கே களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையிலேயே ஆழமான கடல், பக்கத்திலேயே சர்வதேசக் கப்பல் பாதை. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் பெரிய கப்பலுக்கு மாற்றிக்கொண்டிருந்த இந்தியப் பெட்டிகளை இங்கேயே மாற்றலாம் என்பதுதான் திட்டம். பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டில் உள்ள கிரேன்களுக்கு மேலே ஆள் உட்காருவதில்லை; கட்டுப்பாட்டு அறையில் திரை பார்த்து இயக்குகிறார்கள்.

கன்டெய்னர் என்பதே ஒரு தகவல் புரட்சிதான் என்பேன். 1956 ஏப்ரலில் அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதற்கு முன் மூட்டை மூட்டையாக எண்ணி ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டி வந்த பிறகு ஓர் எண்ணைப் படித்தால் போதும் என்றானது. அந்த எண்ணில் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவற்றைக் கொண்டு ஒரு சூத்திரத்தின்படி வருவது. கேட்டில் இருக்கும் கேமரா 8-ஐ 3 என்று படித்துவிட்டால் கணக்கு ஒத்துவராது; பிழை அங்கேயே பிடிபடும். எளிமையான ஏற்பாடு, உலகம் முழுக்கச் செல்லுபடியாகிறது.

ஏற்றுமிடத்தில் சரக்கை அடுக்கித் தூக்குவதற்கான பலகைத் தட்டும் (பேலட்) ஃபோர்க்லிஃப்டும் வந்தால் சுமைதூக்கும் தொழிலாளர்களின் வேலை என்ன ஆகும் என்ற கேள்வி இரு பக்கத்திலும் இருக்கிறது. முதுகெலும்பு தேய மூட்டை சுமக்கும் வேலை குறைவது நல்லதுதான். அந்த ஆட்களுக்கே வண்டி ஓட்டவும் ஸ்கேனர் பிடிக்கவும் பயிற்சி கொடுக்காமல் இயந்திரத்தை மட்டும் இறக்குவதை நான் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிளாக்செயின் பற்றியும் கேட்பீர்கள். பலரும் சேர்ந்து வைத்திருக்கும், யாரும் ரகசியமாகத் திருத்த முடியாத ஒரு பேரேடு அது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் கப்பல் ஆவணங்களுக்காக 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸ் தளத்தை 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். போட்டியாளர் நடத்தும் பேரேட்டில் தன் கணக்கை எழுத யாருக்கு மனம் வரும்? அதோடு, பேரேட்டில் முதலில் தவறாக எழுதியதை அது தவறாகவே காத்துவைக்கும். ட்ரோன், ஆளில்லா லாரி இரண்டும் நம் ரோட்டுக்கு வரும்போது படித்துக்கொள்ளலாம். ஊருக்குள் பார்சல் கொண்டுபோகும் மூன்று சக்கர மின்வண்டி இப்போதே ஓடுகிறது.

சின்ன வியாபாரி எங்கிருந்து தொடங்குவது? பெரிய மென்பொருள் வேண்டாம். முதலில் ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், எடை, கிளம்பிய நேரம், இறக்கிய நேரம் இந்த நான்கையும் ஒரே இடத்தில் ஒழுங்காக எழுதுங்கள். போனில் ஒரு எக்செல் தாள் போதும். மூன்று மாதம் போனால் எந்த வண்டிக்கு, எந்தக் கிழமையில் அதிக நேரம் போகிறது என்று அதுவே சொல்லும். வண்டி கிளம்பியதும் பெறுபவருக்கு ஒரு வாட்ஸப் செய்தியில் பெட்டி எண்ணிக்கையையும் வந்து சேரும் நேரத்தையும் அனுப்புங்கள். இறக்க ஆள் தயாராக இருப்பார்கள். கெடும் சரக்கு என்றால் ஒரு டேட்டா லாகர் வாங்குங்கள். இ-வே பில் போடுகிறவர்கள், வழியில் தாமதமானால் காலாவதியாகும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டித்துக்கொள்ள முடியும் என்பதை ஓட்டுநருக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர் போன் செய்தால்தான் ஆபீஸில் நீட்டிக்க முடியும்.